சிறு மனையில் டெரியர் வளர்ப்பு: காட்சிப் பரிசும் மரபுப் பொறுப்பும்

பழைய கிராமபோன் இசைத்தட்டுகளின் நடுவில், ஒலிக்குழலின் வாயருகே தலையைச் சாய்த்து அமர்ந்திருக்கும் வெண்ணிற நாயின் உருவத்தைக் காணாத இசையன்பர் ஒரு காலத்தில் அரியர். நிப்பர் என்னும் பெயருடைய அந்நாய் 1884-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்து, 1895-இல் மடிந்தது. அது மடிந்த பின்னரே ஓவியர் பிரான்சிஸ் பாரோ அதனைத் தீட்டினார். நிப்பர் தூய இனத்தைச் சேர்ந்ததன்று. டெரியர் குருதி மிகுதியும் கலந்த நாய் என்றே கூறப்படுகிறது. எனினும், டெரியர் என்ற நாய்வகையின் இயல்பு முழுவதும் அவ்வோவியத்தில் அடங்கியுள்ளது: சிறிய உடல், விழிப்பான செவி, புலப்படாத ஒன்றைத் தேடியறியும் ஆர்வம்.

அவ்வகை நாய்களை இன்று நம் நாட்டு நகரங்களில் பலரும் வளர்க்கின்றனர். சிலர் ஒன்றிரண்டு பெட்டை நாய்களை வீட்டிலேயே வைத்துக் குட்டி ஈனச் செய்து, காட்சிகளுக்கும் கொண்டுசெல்கின்றனர். இத்தகைய சிறு மனை வளர்ப்பகம் எந்தக் கொள்கையைப் பற்றி நடத்தல் வேண்டும் என்பது, பொழுதுபோக்கைச் சார்ந்த வினாவாகத் தோன்றினும், மரபியலையும் விலங்கு நலத்தையும் சார்ந்த வினாவேயாகும்.

மண்ணுக்குள் புகும் நாய்

டெரியர் என்னும் சொல், மண்ணைக் குறிக்கும் ‘டெர்ரா’ என்ற இலத்தீன் சொல்லினின்று தோன்றியது. வளைக்குள் புகுந்து நரியையும் வளைக்கரடியையும் வெளியேற்றுவதும், களஞ்சியங்களில் எலிகளை அழிப்பதுமே இந்நாய்களின் தொழிலாக இருந்தன. வளைக்குள் நாய் தனித்தே செயற்படும். அங்கு எசமானரின் குரல் எட்டாது. எனவே தானே முடிவு செய்யும் துணிவும், விடாப்பிடியும், உரத்த குரைப்பும் உடைய நாய்களையே வேட்டையாளர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். இன்று மாடிக் குடியிருப்பில் ‘இந்நாய் சொற்கேளாதது, ஓயாது குரைக்கிறது, பூந்தொட்டியைத் தோண்டுகிறது’ என்று குறைகூறப்படும் பண்புகள் யாவும், ஒரு காலத்தில் விரும்பித் தேர்ந்தெடுக்கப்பட்ட தகுதிகளே என்பதை உணர்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883) ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்தபோது, 1819-இல் ஒரு பால்காரரிடமிருந்து ‘டிரம்ப்’ என்ற பெட்டை நாயை விலைக்கு வாங்கினார். அதன் வழிவந்த வேலைத்திறன் மிக்க நாய்களே இன்று பார்சன் ரஸ்ஸல், ஜாக் ரஸ்ஸல் என்னும் இனங்களின் பெயரில் நினைவுகூரப்படுகின்றன. பன்னாட்டு நாய்வளர்ப்புக் கூட்டமைப்பு, நாயினங்களைப் பிரித்துள்ள முறையில், டெரியர்கள் மூன்றாம் பிரிவாக அமைகின்றன. ஏர்டேல் போன்ற பெரிய நாய் முதல் யார்க்ஷயர் போன்ற மிகச் சிறிய நாய் வரை இப்பிரிவில் அடங்கும்.

காட்சி மேடையின் பயனும் தீங்கும்

முறையான நாய்க் காட்சி முதன்முதலாக 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடைபெற்றது. 1873-இல் அந்நாட்டின் கென்னல் கிளப் தோன்றிற்று. நரி டெரியருக்கென வளர்ப்போர் சங்கம் 1876-இல் இனத் தகுதிவிதி ஒன்றை வகுத்தது. நம் நாட்டில் குட்டிகளைப் பதிவு செய்தல், வமிசாவளிச் சான்றிதழ் அளித்தல், காட்சிகளை முறைப்படுத்துதல் ஆகிய பணிகளைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் ஆற்றிவருகிறது.

காட்சியின் நோக்கம் அழகுப் போட்டியன்று. அடுத்த தலைமுறைக்குத் தாய்தந்தையராகத் தக்க விலங்குகளைப் பலர் முன்னிலையில் ஒப்பிட்டறிதலே அதன் முதல் நோக்கமாகும். பார்சன் ரஸ்ஸல் டெரியரை நடுவர் ஆராயும்போது, முன்னங்கால்களுக்குப் பின்புறமாக மார்பை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்துப் பார்ப்பார். இரு கைகளின் விரல்களும் ஒன்றையொன்று தொடுமாயின், அந்நாய் வளைக்குள் புகத்தக்க மார்பளவுடையது என்பது பொருள். இவ்வாறு விதி தொழிலினின்று பிறக்கும்போது காட்சி நன்மை பயக்கிறது.

விதி தொழிலை மறந்து தோற்றத்தை மட்டும் நாடும்போது தீங்கு தொடங்குகிறது. முகம் சற்று நீண்டிருத்தல் நன்று எனப்பட்டால், அதனினும் நீண்ட முகமே அடுத்த ஆண்டு பரிசு பெறுகிறது. பரிசு பெற்ற கடுவனையே அனைவரும் பொலிக்கு நாடுகின்றனர். 2008-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வெளிவந்த ஓர் ஆய்வுப்படம் இந்நிலையை வன்மையாகக் கண்டித்தது. அதனையடுத்து, தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்த நாய்களுக்கும் இடையே நிகழும் இணைசேர்க்கையில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று அந்நாட்டுக் கென்னல் கிளப் 2009-இல் முடிவு செய்தது.

மாதாப்பூரின் சூழ்நிலை

ஐதராபாத்தின் மேற்குப் பகுதியிலுள்ள மாதாப்பூர், தக்காணத்துக் கருங்கற் பாறைகளுக்கும் துர்கம் செருவு ஏரிக்கும் அருகே அமைந்த இடம். 1998-இல் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பின்னர் இப்பகுதி கணிப்பொறித் தொழிலின் மையமாயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. இடம் குறுகிய இத்தகைய நகர்ப்பகுதியில் பெரிய வேட்டை நாயைவிடச் சிறிய டெரியரை மக்கள் விரும்புவது இயல்பே. ஆனால் உடல் சிறிதாயினும் அதன் ஊக்கம் சிறிதன்று. நாள்தோறும் நடையும், மோப்பத்தைப் பயன்படுத்தும் விளையாட்டும் பெறாத டெரியர், தன் ஊக்கத்தைக் கதவையும் மெத்தையையும் கிழிப்பதில் செலவிடும்.

ஆகவே சிறு வளர்ப்பகத்தின் முதற்கடமை, குட்டியை விற்பதன்று. குட்டியை வேண்டுவோருக்கு அது தகுமா என்று ஆராய்தலேயாகும். வீட்டில் பகல் முழுவதும் எவரும் இலரெனில், ‘உங்களுக்கு இந்த இனம் ஏற்றதன்று’ என்று சொல்லத் துணிதல் வேண்டும். குட்டியைப் பெற்றவர் பின்னர் எக்காரணத்தாலேனும் வளர்க்க இயலாதவராயின், அதனைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் உறுதியும் வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்றே காணும் சிறு வளர்ப்பகத்தால் இவ்வுறுதியைக் காத்தல் இயலும். எண்ணிக்கையை நம்பும் வணிகப் பண்ணையால் அது அரிது.

மறைந்து நிற்கும் குறை

ஜாக் ரஸ்ஸல், சிறு புல் டெரியர் முதலிய பல டெரியர் இனங்களில் கண்வில்லை நழுவல் என்னும் பரம்பரை நோய் காணப்படுகிறது. கண்வில்லையைத் தாங்கும் நுண்ணிழைகள் நலிந்து அறுபட, வில்லை தன் இடத்தினின்று விலகுகிறது. அது முன்புறமாக நழுவினால் கண்ணின் உள்ளழுத்தம் விரைவில் உயர்ந்து, கடும் வலியும் பார்வையிழப்பும் நேரிடும். இந்நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் 2010-இல் கண்டறியப்பட்டது.

இங்குக் கருதத்தக்க செய்தி யாதெனில், நோய் பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் வெளிப்படுகிறது. இரண்டு வயதில் காட்சியில் வென்று, பல ஈற்றுகளுக்குத் தந்தையான ஒரு கடுவன், ஐந்தாம் வயதில் பார்வை இழக்கலாம். நடுவரின் கண்ணோ கையோ இதனை முன்னறியாது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் தடவியெடுத்த மாதிரியைக் கொண்டு செய்யும் மரபணுச் சோதனையே முன்னறியும். ஆதலால், இணைசேர்க்கைக்கு முன்னரே சோதனை செய்தல் என்பது சிறு வளர்ப்பகத்தின் மீறலாகாத நெறியாதல் வேண்டும்.

வெண்ணிற நாய்களில் காணப்படும் பிறவிச் செவிடும் இத்தகையதே. தோலுக்கு நிறமளிக்கும் உயிரணுக்கள் உட்செவியின் நலத்துக்கும் இன்றியமையாதவை. அவை அங்கு இல்லாதபோது கேட்கும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிகின்றன. வெண்ணிறப் புல் டெரியர்களில் இக்குறை நன்கறியப்பட்டது. கைதட்டிப் பார்க்கும் பழைய சோதனையை நம்பலாகாது. செவிட்டுக் குட்டி தரையின் அதிர்வை உணர்ந்தோ, உடன்பிறந்த குட்டிகள் திரும்புவதைக் கண்டோ தானும் திரும்பிவிடும். ஒரு செவி மட்டும் கேளாத குட்டி பிறவற்றைப் போலவே நடந்துகொள்ளும். மூளைத்தண்டின் மின்னலைகளை அளவிடும் சோதனையே உண்மையை உணர்த்தும். குட்டிக்கு ஐந்தாறு வாரங்கள் ஆன பின்னர் இச்சோதனையைச் செய்யலாம்.

ஒரு வகுப்பறைக் கணக்கு

சோதனையில் ஒரு நாய் ‘கடத்தி’ எனத் தெரிந்தால் அதனை உடனே விலக்கிவிடுதலே நேர்மை எனப் பலர் எண்ணுவர். கணக்கு வேறு வழியைக் காட்டுகிறது. 1908-இல் ஹார்டி, வைன்பெர்க் என்னும் இருவரும் தனித்தனியே கண்ட விதியை ஆசிரியர்கள் இங்குப் பயன்படுத்தலாம்.

ஓர் இனத்தில் 100 நாய்களுள் 4 நாய்களுக்கு ஒடுங்கு பண்பாலான நோய் இருப்பதாகக் கொள்வோம். நோய் மரபணுவின் விகிதத்தின் வர்க்கம் 0.04 ஆகும், எனவே விகிதம் 0.2. நல்ல மரபணுவின் விகிதம் 0.8. கடத்திகளின் அளவு 2 × 0.8 × 0.2 = 0.32. அஃதாவது, நோயுற்றவை 4 ஆயின், வெளிப்பார்வைக்கு நலமுடன் இருந்து நோயைச் சுமப்பவை 32. நோயுற்றவற்றையும் கடத்திகளையும் ஒருங்கே விலக்கினால், 100-இல் 36 நாய்கள் இனப்பெருக்கத்தினின்று நீங்கும். அவற்றோடு அவை தாங்கிய வேறு நற்பண்புகளும் நீங்கும். சிறிய தொகையுடைய இனம் இதனால் மேலும் குறுகி, இதுவரை அறியப்படாத வேறொரு நோய் தலைதூக்க வழி ஏற்படும்.

தக்க வழி இதுவே: கடத்தியை, சோதனையில் குறையற்றதென உறுதிப்பட்ட நாயுடன் மட்டும் இணைத்தல் வேண்டும். குட்டிகளுள் சராசரியாகப் பாதி கடத்திகளாகும். எதுவும் அந்த ஒடுங்கு நோய்க்கு ஆளாகாது. (கண்வில்லை நழுவலில் கடத்திகளுள் மிகச் சிலவற்றுக்கும் நோய் வருவதுண்டு, ஆதலின் அவற்றின் கண்களை ஆண்டுதோறும் ஆராய்தல் நன்று.) அடுத்த தலைமுறைக்குக் குறையற்ற குட்டிகளைத் தெரிந்தெடுத்தால், நற்குருதியை இழவாமலே நோய் மரபணுவை விலக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, வெற்றி பெற்ற ஒரே கடுவனை அனைவரும் நாடினால் நிகழ்வது யாது? அது கடத்தியாக இருந்து, 20 பெட்டைகளுடன் இணைந்து, ஈற்றுக்கு 5 குட்டிகள் வீதம் 100 குட்டிகளுக்குத் தந்தையாகுமாயின், அவற்றுள் ஏறக்குறைய 50 குட்டிகள் அம்மரபணுவைச் சுமக்கும். அவை தம்முள் இணையும் நாளில் நோய் வெளிப்படும். பரிசுக் கோப்பை ஒரு வீட்டில் இருக்க, பார்வையற்ற நாய் வேறொரு வீட்டில் இருக்கும்.

உறவினிணைப்பின் அளவைக் கணக்கிடும் முறையை 1922-இல் ஸீவெல் ரைட் வகுத்தளித்தார். உறவற்ற மூதாதையரைக் கொண்ட கூட்டத்தில், உடன்பிறந்த இரு நாய்களின் குட்டிகளுக்கு இவ்வளவு 25 விழுக்காடு. ஒரு பெற்றோர் மட்டும் பொதுவாயின் 12.5, உடன்பிறந்தோரின் மக்கள் இணைந்தால் 6.25. வமிசாவளிச் சான்றிதழ் சுவரில் மாட்டுவதற்குரிய அலங்காரமன்று. இக்கணக்கைச் செய்வதற்குரிய மூல ஏடாகும்.

குட்டியின் முதற்பன்னிரண்டு வாரங்கள்

பெட்டை நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். பிறந்த குட்டி தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலற்றது. முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் பெட்டியினுள் 29 முதல் 32 பாகை செல்சியசு வெப்பம் நிலவுதல் வேண்டும். குளிர்சாதனம் இயங்கும் அறையில் தாய் நலமாக இருப்பினும் குட்டிகள் குளிரால் மடிதல் கூடும் என்பதை நகரவாசிகள் நினைவிற்கொள்க. குட்டி ஈன்ற இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிறிய இனத் தாய்நாய்க்கு நடுக்கமும் இழுப்பும் தோன்றினால், அது குருதியில் சுண்ணச்சத்துக் குறைவினால் நேரும் அவசர நிலையாகும். மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் கண்கள் திறக்கின்றன. இரண்டு வாரங்களுக்கொருமுறை குடற்புழு நீக்கமும், ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் முதல் தடுப்பூசியும், மூன்று மாதமளவில் வெறிநோய்த் தடுப்பூசியும் உரியன. எலி பிடிக்கும் இயல்புடைய டெரியருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி பிற நாய்களினும் இன்றியமையாதது.

உடல் வளர்ச்சியினும் அருமையானது மன வளர்ச்சி. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், புல்லர் ஆகிய ஆய்வாளர் ஐந்து நாயினங்களை நீண்டகாலம் ஆராய்ந்து, 1965-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். கம்பிமயிர் நரி டெரியரும் அவ்வைந்தனுள் ஒன்று. ஏறக்குறைய 3 முதல் 12 வாரம் வரையுள்ள காலமே குட்டி மனிதரோடும் பிற விலங்குகளோடும் பழகும் பருவம் என அவ்வாய்வு காட்டிற்று. இப்பருவத்தில் கூண்டில் தனித்திருந்த குட்டி பின்னர் அச்சமும் சினமும் கொண்ட நாயாதல் கூடும். சிறு மனை வளர்ப்பகத்தின் மிகப் பெரிய நன்மை இங்குத்தான் உள்ளது. சமையலறை ஒலி, குழந்தையின் சிரிப்பு, அழைப்பு மணி, விருந்தினரின் வருகை ஆகியவற்றிற்கிடையே வளரும் குட்டி, எந்தப் பண்ணையும் அளிக்கவியலாத கல்வியைப் பெறுகிறது.

வெப்பமும் உண்ணியும்

டெரியர்களிற் பெரும்பாலானவை குளிர்நாட்டில் உருவானவை. ஐதராபாத்தில் கோடைப் பகலின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. எனவே நடைப்பயிற்சி விடியலிலும் இரவிலும் மட்டுமே நிகழ்தல் வேண்டும். காட்சிக்குக் கொண்டுசெல்லும் நாயை நிறுத்தப்பட்ட ஊர்தியினுள் சிறிது நேரமும் விட்டுவைத்தலாகாது. கடுமையாக இரைத்து, தள்ளாடும் நாயை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி, விசிறிக் காற்றுப் படச் செய்து, மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

பழுப்புநிற நாயுண்ணி மற்றொரு பகை. எர்லிக்கியா, பபீசியா என்னும் குருதி நோய்களை அது பரப்புகிறது. அது நாயின் உடலில் மட்டுமன்றிச் சுவர் வெடிப்புகளிலும் மரச் சட்டங்களின் இடுக்குகளிலும் வாழ்ந்து முட்டையிடுவதால், நாய்க்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. இருப்பிடத்தையும் தூய்மை செய்தல் வேண்டும். காய்ச்சலும் சோர்வும் மூக்கில் குருதிக் கசிவும் கண்டால் குருதிச் சோதனை தேவை.

சட்டத்தின் வரம்பு

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நாய் இனப்பெருக்கம், விற்பனை ஆகியன பற்றிய விதிகளை மத்திய அரசு 2017-இல் வெளியிட்டது. விற்பனைக்காகக் குட்டி ஈனச் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறுதல் வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெட்டையையும், 8 வயது கடந்த பெட்டையையும் இணைத்தலாகாது. அடுத்தடுத்த இரு பருவங்களில் குட்டி ஈனச் செய்தலாகாது. வாழ்நாளில் ஈற்றுகள் ஐந்துக்கு மேற்படலாகாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது. இவை குறைந்த அளவு வரம்புகளே. ஒரு பெட்டைக்கு இரண்டு அல்லது மூன்று ஈற்றுகளோடு நிறுத்தி, பின்னர் அதனை வீட்டு நாயாகவே முதுமை வரை பேணுவது மேலான நெறியாகும்.

இராஜபாளையம் தரும் பாடம்

அயல்நாட்டு இனத்தைப் பற்றிய இக்கொள்கைகள் நம் நாட்டு இனங்களுக்கு இன்னும் பொருந்தும். தமிழகத்தின் இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும், கருநாடகத்தின் முதோல் வேட்டை நாயும் தேசிய விலங்கு மரபுவளச் செயலகத்தில் இனங்களாகப் பதிவு பெற்றுள்ளன. இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையும் வெளியாயிற்று. முழு வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே அதன் சிறப்பெனக் கருதி, அத்தோற்றத்தையே மக்கள் நாடினர். வெண்ணிறத்தோடு செவிட்டுக் குறையும் அவ்வினத்தில் தங்கிவிட்டது. டெரியர் வளர்ப்போர் செவிச் சோதனையைக் கையாளும் முறை, இராஜபாளையம் வளர்ப்போருக்கும் வழிகாட்டியாகும்.

குறை ஓர் இனம் முழுவதிலும் பரவிவிட்டால், வெளிக்குருதியை அளவோடு சேர்த்தலும் உண்டு. டால்மேசியன் நாய்களில் யாவற்றுக்கும் யூரிக் அமிலக் கோளாறு இருந்தமையால், அமெரிக்க அறிஞர் ஒருவர் 1973-இல் பாயின்டர் இன நாய் ஒன்றுடன் ஒருமுறை இணைத்து, பின்னர் தொடர்ந்து டால்மேசியனுடனேயே இணைத்து வந்தார். பல தலைமுறைகளுக்குப் பின் அவ்வழியின் நாய்கள், தோற்றத்தில் வேறுபாடின்றியும் அக்கோளாறின்றியும் விளங்கின. நெடுநாள் எதிர்ப்புக்குப் பின்னரே வளர்ப்போர் சங்கங்கள் அவற்றை ஏற்றன.

ஏட்டில் எழுத வேண்டுவன

களப் பணியாளர்கள், தம் பகுதியிலுள்ள சிறு வளர்ப்பாளரிடம் ஓர் ஏடு பேணுமாறு வற்புறுத்துதல் வேண்டும். ஒவ்வோர் ஈற்றிலும் பிறந்த குட்டிகள், மடிந்தவை, சோதனை முடிவுகள், குட்டி சென்ற வீடு, பின்னர் அதற்கு நேர்ந்த நோய், இறந்த வயது ஆகியன அதில் இடம்பெறுக. காட்சியில் பெற்ற பரிசு அவ்வேட்டில் ஒரு வரியைப் பெறும். குட்டிகளின் வாழ்நாள் பல பக்கங்களைப் பெறும். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்வேட்டைப் புரட்டும்போது, எந்த இணைப்பு நன்று, எது தவறு என்பதை நடுவரின் தீர்ப்பினும் தெளிவாக அது உரைக்கும். அத்தவறுகளையும் மறையாது எழுதிப் பிற வளர்ப்பாளருக்குத் தெரிவிப்பவரே நல்ல வளர்ப்பாளர் எனப்படுவர்.